அடுப்படியில் வைத்த போன்

வாஹித்துக்குக் காது சரியாகக் கேட்காது என்பது அவரைத் தவிர வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சவுதியின் தம்மாமில் பத்தொன்பது வருடம் ஒரு கம்பெனியின் ஜெனரேட்டர் அறையில் வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் கையைக் காட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஊருக்குத் திரும்பி, மச்சினனுடைய பெயிண்டுக் கடையில் செக்காலை ரோட்டில் உட்கார்ந்த பிறகும், "இங்குட்டு எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறாக" என்றுதான் குறைப்பட்டுக்கொண்டார். யாராவது ஸலாம் சொல்லி இவர் பதில் சொல்லாமல் போனால், சவுதிக்குப் போய்வந்த மண்டைக்கனம் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அதுவும் அவர் காதில் விழவில்லை.

கேட்காத இடங்களில் சிரித்துச் சமாளிப்பது அவருக்குப் பழக்கமாகியிருந்தது. பாதிப் பேச்சை உதட்டைப் பார்த்துப் பிடிப்பார், மீதியை ஊகித்துக்கொள்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளிவாசல் வாசலில் பீர்முகமது எதிரே வந்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவன். முகம் வாடியிருந்தது, தூக்கம் இல்லாத கண்.

"அம்மா மவுத்தாப் போயிட்டாக வாஹித்து. நேத்து."

இறந்துபோனதைத்தான் சொன்னான். வாஹித்துக்கு 'மக்காப் போயிட்டாக' என்று கேட்டது. பீர்முகமதின் கையை இரண்டு கையாலும் பிடித்து, "மாஷா அல்லாஹ்! ரொம்பச் சந்தோஷம்ப்பா. எல்லாருக்குமா இந்தப் பாக்கியம் கிடைக்கும்?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

பீர்முகமது அவரையே பார்த்தான். கையை மெல்ல உருவிக்கொண்டு போய்விட்டான். சுற்றி நின்றவர்களில் ஒருவர் வாஹித்தின் தோளைத் தொட்டு என்னவோ சொன்னார். அதற்கும் இவர் சிரித்துத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஷரபுன்னிசா கத்தித்தான் விஷயத்தைப் புரியவைத்தாள். அந்தக் கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். வாஹித் சட்டையைக்கூட மாற்றாமல் பீர்முகமது வீட்டுக்கு நடந்தார். வாசலில் நாற்காலிகள் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இவரைப் பார்த்ததும் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்ச்சாரியில் சிறிது நேரம் நின்றுவிட்டு அப்படியே திரும்பி வந்துவிட்டார். ஒரு வாரம் கடைக்கும் போகவில்லை, பள்ளிவாசலுக்கும் போகவில்லை.

மகள் இஷ்ரத் கணக்கில் முதுகலை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவள்தான் அவரை ஆட்டோவில் ஏற்றிக் காது பரிசோதனை நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஜனனி என்ற சின்னப் பெண், கண்ணாடி வைத்த ஒரு கூண்டுக்குள் அவரை உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். வாஹித் தன்னால் முடிந்த மட்டும் அழுத்தினார். கேட்காதபோதும் சும்மா இருக்கக் கூச்சப்பட்டு நாலைந்து தடவை அழுத்தினார்.

"ஐயா, கேட்டா மட்டும் அழுத்துங்க. இது பரிச்சை இல்ல" என்றாள் ஜனனி. பெயில் ஆன பையனைப் போல வாஹித் தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டு காதுக்கும் மிஷின் வந்தது. ஷார்ஜாவில் இருக்கிற மூத்தவன் ஹனிபா தன்னுடைய பழைய ஐபோனைத் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தான். இஷ்ரத் அதில் அக்சஸிபிலிட்டி என்ற பகுதியைத் திறந்து மிஷின்களைப் போனோடு சேர்த்துக் கொடுத்தாள். போன் வந்தால் நேரே காதுக்குள் பேசியது. கூட்டத்தில் ஒரு மாதிரி, வீட்டில் ஒரு மாதிரி என்று சத்தத்தை மாற்றிக்கொள்ளலாம்.

"இந்தக் காது படத்தப் பாருங்கத்தா. இதத் தொட்டா போனே மைக் ஆயிரும். பேசுறவுக முன்னால போனை வச்சுட்டுத் தள்ளி உக்காந்தாக்கூட, அவுக பேசுறது ஒங்க காதுல கேக்கும். பள்ளிவாசல்ல இமாம் பயான் பேசயில கொண்டுபோயி முன்னால வைங்க" என்று தகப்பனுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

வாஹித் தலையாட்டினார், ஆனால் பள்ளிவாசலில் வைக்கவில்லை. வைத்தால் எதற்கு என்று கேட்பார்கள், காது கேட்காது என்று சொல்ல வேண்டிவரும். மிஷின் தெரியாமல் இருக்க, சித்திரை வெயிலிலும் தலையில் துண்டைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டார். துண்டு உரசினாலே அது கீ என்று விசிலடிக்கும். தொழுகையில் சஜ்தாவில் நெற்றி தரையில் பட்டதும் அந்தச் சத்தம் வந்து பக்கத்தில் இருப்பவர் நெளிவார். அதன்பிறகு கடைசி வரிசையில் ஓரமாக நின்று தொழுதார்.

இப்படி இருக்கும்போது ஒரு சாயங்காலம், அடுப்படியில் நின்று தேநீர் குடித்தவர், ஷரபுன்னிசா பேசுவது கேட்பதற்காகப் போனை மேடைமேல் வைத்துக் காது படத்தைத் தொட்டிருந்தார். அணைக்க மறந்து முன்னறைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். இரண்டு காதிலும் கடுகு வெடித்தது. திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"அந்த மஞ்சத்தூள எடு புள்ள" என்றாள் ஷரபுன்னிசா, அவர் காதுக்குள்.

"இதுவா?"

"அது மல்லித்தூளு. படிச்சது ஒண்ணும் அடுப்படிக்கு ஒதவலயே."

இஷ்ரத் சிரித்தாள். வாஹித் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி அவரிடம் இந்தக் குரலில் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவரிடம் வருவதெல்லாம் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிற பேச்சு. சாப்பிட வாங்க, மோட்டாரப் போடுங்க, மாத்திரையப் போட்டீகளா. அதையே அவளுடைய குணம் என்று எடுத்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் தெரிந்தது, அவள் வேலை செய்யும்போது முணுமுணுவென்று பாடுவாள். பக்கத்து வீட்டுச் சீதை பேசுவது போலவே பேசிக்காட்டுவாள். மகள் தாயை விளையாட்டுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். மாலை மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறவரை அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மறதி இல்லை. "சார்ஜ் போட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிப் பிளக்கில் போனைச் செருகி, காது படத்தைத் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே செய்தார். கடையிலிருந்து சீக்கிரமே கிளம்பத் தொடங்கினார். ஷரபுன்னிசாவுக்கு மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிப்பது, இஷ்ரத்துக்குக் கடைவாய்ப் பல் குத்துவது, வாஹித்தின் தங்கச்சி போன பெருநாளுக்கு வந்தபோது பேசிய பேச்சு, எல்லாம் தெரிந்தது. ஒரு நாள் ஷரபுன்னிசா, "மிஷினு வந்தப்பறம் அத்தா மொகம் தெளிஞ்சிருக்குல்ல?" என்றாள். வாஹித் தன்னையறியாமல் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

யாராவது முன்னறைக்கு வந்தால் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி சாய்ந்துகொள்வார். அப்படி நடிக்க வேண்டியிருந்தபோதே இது சரியில்லை என்று அவருக்குத் தெரியும். ஒருமுறை தாயும் மகளும் பெண்களுக்குள் பேசிக்கொள்கிற உடம்பு விஷயம் ஒன்றைப் பேச ஆரம்பித்தார்கள். சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி கூட்டினார். பேச்சு இன்னும் முடியவில்லை. அவர் குறைக்கவும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை இஷ்ரத்தின் குரல் வழக்கத்தைவிடத் தணிந்து வந்தது.

"மெயில் வந்துருச்சும்மா. என்னைய எடுத்துட்டாங்க. அடுத்த மாசம் பதினஞ்சாந் தேதி கோயம்புத்தூர்ல சேரணும்."

"அல்ஹம்துலில்லாஹ். அத்தாகிட்ட எப்பச் சொல்லப் போற?"

"சொல்றேன். நீ சொல்லிராத. நாந்தான் சொல்லணும்."

"நான் ஏன் சொல்றேன்?"

"ஆணையா?"

"அல்லா மேல ஆணையாச் சொல்லமாட்டேன், போதுமா?"

"இத்தன வருசமா அத்தாகிட்ட எதச் சொன்னாலும் கத்தித்தானம்மா சொல்லிருக்கோம். கத்திச் சொன்னா நல்ல விசயங்கூடச் சண்டை மாதிரி ஆகிப்போகுது. இப்பத்தான் மிஷினு பழகி வாராக. இன்னுங் கொஞ்ச நாள் போகட்டும். பக்கத்துல உக்காந்து மெதுவாச் சொல்லிக்கிறேன்."

அத்தனையும் ஒரு எழுத்து பிசகாமல் வாஹித் காதில் விழுந்தது. ஆனால் மனசில் ஒட்டியது 'நீ சொல்லிராத' என்ற ஒன்றுதான். என் வீட்டில் நான்தான் கடைசி ஆள் என்று பொருமினார். தம்மாமில் அவரோடு ஒரே அறையில் இருந்த சினேகிதர் சையது, தேவகோட்டைக்காரர். மகனுக்கு இஷ்ரத்தைக் கேட்டு ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாஹித் மறுநாள் காலையிலேயே அவரைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச்சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை நெய்ச்சோறும் தாளிச்சாவும். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடும்போது சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை தேவகோட்டையில இருந்து வாராக. பொண்ணு பாக்க."

இஷ்ரத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "என்னைய ஒரு வார்த்தை கேக்கலயேத்தா?"

"நீ என்னையக் கேட்டியா? கோயம்புத்தூருக்குப் பொட்டி கட்டுறவ என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

இஷ்ரத் அவரைப் பார்க்கவில்லை. தாயைப் பார்த்தாள்.

"ம்மா."

"நான் சொல்லல புள்ள."

"ஒனக்கும் எனக்கும் மட்டுந்தானம்மா தெரியும்."

"அல்லா மேல ஆணையா நான் சொல்லல."

"அன்னைக்கும் இதே ஆணையத்தான் போட்ட" என்று சொல்லிவிட்டு இஷ்ரத் எழுந்து போய்விட்டாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது. ஷரபுன்னிசா வாஹித்தைப் பார்த்தாள். "ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள். கத்தவில்லை. மெல்லத்தான் கேட்டாள், அவருக்கும் நன்றாகக் கேட்டது. ஆனால் கேட்காதவர் மாதிரி இருந்துகொண்டார். அத்தனை வருடம் தனக்கு நன்றாகக் கேட்கிறது என்று ஊரை ஏமாற்றியவர், அன்றைக்கு முதல் தடவையாகக் காது கேட்காததுபோல் நடித்தார். தாளிச்சாவைப் பிசைந்து, மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுக் கை கழுவினார்.

தேவகோட்டைக்காரர்கள் வந்தால் அறையைவிட்டு வெளியே வரமாட்டேன் என்று இஷ்ரத் சொல்லிவிட்டாள். வாஹித் சையதுக்குப் போன்போட்டு, ஷரபுன்னிசாவுக்கு உடம்பு சரியில்லை, பிறகு பார்க்கலாம் என்றார். அது அடுத்த பொய்.

ஒன்பது நாள் தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. வாஹித் பழக்கதோஷத்தில் போனை அடுப்படியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது, மிக்ஸி ஓடியது, கரண்டி விழுந்தது. ஒரு தடவை ஷரபுன்னிசா, "உப்புப் பாரு புள்ள" என்றாள். மகளின் காலடிச் சத்தம் அடுப்படியைவிட்டு வெளியேறியது. அவ்வளவுதான். இருந்தும் மறுநாளும் வைத்தார். என்றைக்காவது பேசிவிட மாட்டார்களா, பேசிவிட்டால் தான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்காதே என்று உட்கார்ந்திருந்தார்.

பத்தாம் நாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, ஷரபுன்னிசா இளையான்குடியில் இருக்கிற அக்காவிடம் போனில் பேசினாள். இஷ்ரத் மாடியில் இருந்தாள்.

"நான் சொல்லல ராத்தா. சொல்லலன்னுதான் நெனைக்கிறேன்" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "ஆனா எனக்கே சந்தேகமா இருக்கு. ஒருவேளை தூக்கத்துல ஒளறிட்டேனோ? பேச்சுவாக்குல ஏதும் வாய்விட்டுட்டு மறந்துபோச்சோ? நேத்து அடுப்ப அணைக்காமயே வெளிய போயிட்டேன். நம்ம அம்மாவுக்குக் கடைசியில புத்தி தடுமாறுச்சுல்ல, அது மாதிரி ஏதும் ஆரம்பிக்குதோ என்னமோ."

வாஹித் நாற்காலியைவிட்டு எழுந்தார். அடுப்படிவரை போவது பத்து எட்டு. வாசலில் இரண்டு தடவை நின்றார். உள்ளே போனபோது ஷரபுன்னிசா பேசி முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு" என்றார் வாஹித். "எதுவும் தடுமாறல."

அவள் புரியாமல் பார்த்தாள். அக்காவிடம் பேசியது இவருக்கு எப்படித் தெரியும் என்று அவள் முகத்தில் ஓடியது. வாஹித் பிளக்கிலிருந்து போனை உருவினார். மாடிப்படிக்குக் கீழே நின்று மகளைக் கூப்பிட்டார். அவள் இறங்கி வந்ததும் போனை அவள் கையில் கொடுத்தார். கீழே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒங்கம்மா சொல்லல. நாந்தான் கேட்டேன். இத வச்சுக் கேட்டேன்."

திரையில் அந்தக் காது படம் எரிந்துகொண்டிருந்தது. இஷ்ரத் அதையே பார்த்தாள். "எத்தன நாளாத்தா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

இரண்டு மாதத்தில் அந்த அடுப்படியில் தான் என்னென்ன பேசினோம் என்று இஷ்ரத் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது அவள் முகத்தில் தெரிந்தது. எண்ணிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். காது மடல்வரை சிவந்து, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். எந்தப் பேச்சை நினைத்தாள் என்று வாஹித்துக்கும் தெரிந்தது. தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"நாந்தான சொல்லிக் குடுத்தேன்" என்றாள் இஷ்ரத் சுவரைப் பார்த்தே. "எனக்கு ஏன் தோணல?" பிறகு தாயிடம் போய், அவள் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். ஷரபுன்னிசா மகளின் முதுகைத் தடவினாள். அவள் கண் வாஹித் மேல்தான் இருந்தது.

"பத்தொம்பது வருசம் நீங்க அங்குட்டு இருந்தீக" என்றாள். "ஒங்ககிட்ட ஒரு வார்த்தை மனசுவிட்டுப் பேசணும்னாலும் ஒங்கம்மா பக்கத்துல நிக்கிறாகளா, கொழுந்தன் நிக்கிறாகளான்னு பாத்துப் பாத்துத்தான் போன்ல பேசுவேன். எனக்குன்னு இருந்தது இந்த அடுப்படி ஒண்ணுதான். இங்கயுமா?"

"நீங்க பேசுறது கேக்க ஆசையா இருந்துச்சு ஷரபு. எங்கிட்ட யாரும் அப்புடிப் பேசல." சொல்லும்போதே, இது உண்மையாக இருந்தாலும் இப்போது சொல்லக்கூடாத உண்மை என்று அவருக்குத் தோன்றியது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"உள்ள வந்து உக்காந்திருக்கலாம்ல" என்றாள் ஷரபுன்னிசா. "யாரு வேண்டாம்னா?"

வாஹித் தலையைக் குனிந்துகொண்டு முன்னறைக்குத் திரும்பினார்.

அன்றைக்கே சையதைக் கூப்பிட்டார். மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, அவளுக்கு இப்போது கல்யாணத்தில் விருப்பமில்லை, அவளைக் கேட்காமல் வரச்சொன்னது தன் தப்பு, மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றதும் பொய் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சையது பொரிந்து தள்ளிவிட்டார். ஆண்பிள்ளையா நீ, பேச்சுக்கு மரியாதை இல்லாதவன், ஒரே தட்டில் தின்ற பழக்கத்துக்கு இதுதானா என்று கால் மணி நேரம். வீட்டில் யாருக்கும் அது கேட்கவில்லை. வாஹித்தின் இரண்டு காதுக்குள்ளும் நேரே விழுந்தது. சத்தத்தைக் குறைக்கலாம். குறைக்கவில்லை.

பதினான்காம் தேதி இஷ்ரத்தைக் கோயம்புத்தூருக்கு அனுப்ப மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். வண்டியில் ஏறுமுன் இஷ்ரத் அவர் பக்கம் வந்தாள். "மிஷினக் கழட்டி வச்சுறாதீக. கோவத்துல தூக்கிப் போட்டுட்டு மறுபடி கேக்காமயே இருந்துறாதீக" என்றாள். அவர் மனசில் ஓடியதும் அதுதான். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு அவர் கண்ணைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கடுத்த ஜும்மாவில் வாஹித் துண்டைச் சுற்றாமல் போனார். இமாமிடம் போய், "ஹஜரத், எனக்குக் காது கேக்காது. இந்தப் போனை ஒங்க முன்னால வச்சா நீங்க பேசுறது எனக்குக் கேக்கும். வைக்கலாமா?" என்று கேட்டார். கேட்கும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. இமாம் சரி என்றார். பக்கத்தில் பீர்முகமது இருந்தான். அவன் காதிலும் விழட்டும் என்றுதான் கொஞ்சம் உரக்கக் கேட்டார். தொழுகை முடிந்து பீர்முகமது தானாகவே வந்து கை கொடுத்தான், ஆனால் நின்று பேசவில்லை.

வீட்டில் ஷரபுன்னிசா இப்போது அவரிடம் கத்துவதில்லை. அருகில் வந்து, முகத்தைப் பார்த்துச் சொல்வாள். சில நாள் அவரும் அடுப்படியில் முக்காலியைப் போட்டு வெங்காயம் உரிப்பார். ஆனால் அவள் பாடுவதில்லை. யாரிடமாவது போன் பேச ஆரம்பிக்கும்முன் அவள் பார்வை மேடை, ஜன்னல், பிளக் என்று ஒரு சுற்றுச் சுற்றிவரும். அதைப் பார்த்ததும் வாஹித் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவளுக்குத் தெரிகிற மாதிரி கையில் வைத்துக்கொள்வார்.

ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டுச் சீதை அழுதுகொண்டே வந்தாள். மருமகளோடு ஏதோ தகராறு. நேரே அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தாள். அன்றைக்குப் போன் நிஜமாகவே சார்ஜ் இறங்கி அடுப்படிப் பிளக்கில் கிடந்தது. காது படம் எரியவில்லை. முன்னறையில் இருந்த வாஹித்துக்கு அது நினைவிலேயே இல்லை.

ஷரபுன்னிசா அதைப் பிளக்கிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் கையில் வைத்தாள். பின்னாலேயே எட்டிப் பார்த்த சீதை, "என்னக்கா, அண்ணனுக்குப் போன் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"ஆமா, வந்துச்சு" என்றாள் ஷரபுன்னிசா. "அவுக வெளிய போய்ப் பேசிக்கிருவாக. நீ வா."

வாஹித் அழைப்பே வராத போனைக் கையில் பிடித்தபடி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.